ஏழாம் எண் வீட்டு வாசற்படி

வாட்டில் தெருக் கூட்டுறவுக் குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். பதினொன்றில் ஆள் இருந்தார்கள். ஏழாம் எண் வீடு மட்டும் ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. மெல்பர்னில், வாங்கும் சம்பளத்தில் கால்வாசிக்கு வாடகை வீடு என்றால் ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அப்படியும் ஏன் பூட்டிக் கிடந்தது என்றால், அங்கே எந்த முடிவானாலும் ஒருமனதாகத்தான் எடுப்பார்கள். ஒரே ஒருவர் எழுந்து இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்துவிட்டால் போதும், தடை விழுந்துவிடும். அந்த வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று பேச்செடுத்த போதெல்லாம் யாராவது ஒருவர் கையைக் குறுக்கே வைத்தார்கள்.

கிளெனிஸ் அந்த வீட்டுக்கு விண்ணப்பம் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது ஐம்பத்தெட்டு. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் காலை ஷிஃப்ட் வேலை. பத்தொன்பது வருஷம் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட, அந்தச் சம்பளத்துக்கு வேறு வீடு அமையவில்லை. கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் தன் பழைய நீலக் காரை நிறுத்தி அதிலேயே தூங்கினாள். குளியல் நகராட்சி நீச்சல் குளத்தில். காரில் மற்றதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம், காலை நீட்டத்தான் முடியாது. விடிந்ததும் முழங்கால்கள் இரண்டும் மடங்கினது மடங்கினபடியே நிற்கும். அவற்றைத் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போவாள்.

இது குடியிருப்புக்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். காரில் தூங்குகிறவர்களுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து ஒரு தீர்மானமே போட்டிருந்தார்கள். அது மட்டும் முதல் கூட்டத்திலேயே ஒருமனதாக நிறைவேறிவிட்டது.

விண்ணப்பித்தவர்கள் மூன்று மாதம் புதன்கிழமைப் பொதுச் சாப்பாட்டுக்கு வந்து பழக வேண்டும் என்பது சட்டம். கிளெனிஸ் வந்தாள். முதல் புதன்கிழமை தன் தட்டைத் தானே கழுவினாள். இரண்டாவது வாரம் பக்கத்தில் கிடந்த நாலு தட்டையும் சேர்த்துக் கழுவினாள். மூன்றாவது வாரத்திலிருந்து பாத்திரம் கழுவும் முறைப்பட்டியலை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை. அப்புறம் கோழிக்கூண்டு, குப்பைத் தொட்டி, கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்துக்கொண்ட யூகலிப்டஸ் இலை என்று எல்லாம் தானாக அவள் தலையில் வந்து விழுந்தது. மூன்று மாதம் எட்டு மாதமானது. மற்றவர்களுக்குக் கூட்டம் இருந்தது, பாவம், அவர்களும் என்னதான் செய்வார்கள்!

வேலையெல்லாம் முடிந்த பிறகு அவளாகவே செய்த ஒரு வேலையும் உண்டு. ஏழாம் எண் வீட்டு வாசற்படியைக் கூட்டுவாள். கூட்டி முடித்து, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பாள். கட்டிலை எந்தச் சுவர் ஓரமாகப் போடலாம் என்று அளவு எடுப்பாள். ஒவ்வொரு வாரமும் கட்டில் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

கூட்டக் குறிப்பு எழுதும் வேலையும் கடைசியில் அவளிடமே வந்தது. உறுப்பினர் அல்லாதவளுக்குப் பேச உரிமை இல்லை, ஆனால் எழுதலாமாம். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார் ரோலண்ட். குடியிருப்பை ஆரம்பித்தவர்களில் மிச்சம் இருப்பவர் அவர், ஓய்வு பெற்ற வாத்தியார். சட்டப் புத்தகம் முழுக்க அவர் கைவண்ணம்தான்.

அக்டோபர் மாதக் கூட்டம் வழக்கம்போல மனசு வானிலையில் ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் தன் மனசு இன்று எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "என் மனசுல லேசா மேகமூட்டம்" என்றாள் மூன்றாம் எண் வெரிட்டி. "எனக்கு விட்டு விட்டுத் தூறல்" என்றார் இன்னொருவர். சாவிக்கொத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் டார்கோவின் முறை வந்ததும், "எனக்குப் பசி" என்றான். பதினொரு பேரின் வானிலையும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

பிறகு ஏழாம் எண்.

"சைக்கிள் நிறுத்த இடமே இல்லப்பா. அங்க நிறுத்திக்கலாமே" என்றார் ஒருவர்.

"தியான அறை வேணும்னு நான் மூணு வருஷமா கேக்கறேன்" என்றார் இன்னொருவர்.

"கிளெனிஸுக்குக் குடுத்துத் தொலைங்களேன். பொம்பள கார்ல கிடக்குது" என்றான் டார்கோ.

வெரிட்டி இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்தாள். "கிளெனிஸ் மேல எனக்கு ரொம்ப அன்பு. அது வேற. ஆனா நாம ஆளைத் தேர்ந்தெடுக்கற முறையையே இன்னும் சரியா அலசலையே. அவசரப்படக் கூடாது."

கிளெனிஸ் தலையைக் குனிந்துகொண்டு, "வெரிட்டி: தடை. அன்பு உண்டு" என்று எழுதினாள். இவர்கள் தின்ற தட்டை எட்டு மாதம் கழுவியிருக்கிறேனே என்று நினைத்தாள்.

அப்போது ரோலண்ட் எழுந்தார். எல்லாரும் சோர்ந்துபோகும் நேரம் பார்த்து எழுவது அவர் வழக்கம்.

"நண்பர்களே, வீடுன்னா என்ன? செங்கல்லா, தகரமா? வீடு பத்திரத்துல பேர் இருக்கறவனோடது இல்ல. யாரு அதோட வாசலைக் கூட்டறாங்களோ, வீடு அவங்களோடது! இதுக்காகத்தானே நாம இந்த இடத்தையே ஆரம்பிச்சோம்? ஏழாம் நம்பருக்கும் இதேதான் நம்ம தீர்மானம்னு நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன்!"

அருமையாகப் பேசினார். பதினொரு பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். ஒருமனது என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம். நல்ல பேச்சு என்பதற்கும் அதேதான். வெரிட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட்டினாள்.

கிளெனிஸ் பேனாவை நிறுத்தினாள். "இதை எழுதிக்கட்டுமா?"

ரோலண்ட் குளிர்ந்துபோனார். "எழுதும்மா. ஒரு வார்த்தை விடாம எழுது."

ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். கீழே, "பதினொரு பேரும் கை ஆட்டினர். தடை இல்லை" என்றும் எழுதினாள். அதிலும் பொய் எதுவும் இல்லை.

குறிப்பு எல்லார் வீட்டுக்கும் போனது. யார் படிக்கிறார்கள்? நவம்பர் கூட்டத்தில், "போன மாசக் குறிப்பை ஏத்துக்கலாமா?" என்று ரோலண்ட் கேட்டார். பதினொரு பேரும் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே விரல்களை ஆட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் கிளெனிஸ் டார்கோவின் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவன் கையில் அந்தக் குறிப்பு இருந்தது.

"ஏழாம் நம்பர் வாசலை யாரு கூட்டறதுன்னு எனக்குத் தெரியும்" என்றான். சாவியைக் கொத்திலிருந்து கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். "நான் எட்டாம் நம்பர். எட்டு மாசமா ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

மறுநாள் சனிக்கிழமை, காரில் இருந்த இரண்டு பெட்டி, ஒரு மெத்தை, ஒரு கெட்டில் எல்லாவற்றையும் இறக்கினாள்.

ஞாயிறு மதியம் அவசரக் கூட்டம். குடியிருப்பின் சரித்திரத்திலேயே பதினொரு பேரும் நேரத்துக்கு வந்த கூட்டம் அது ஒன்றுதான். கூடிச் சாப்பிட்ட பகல் சாப்பாட்டுப் பாத்திரங்கள் பொதுச் சமையலறைத் தொட்டியில் போட்டது போட்டபடி கிடந்தன. மனசு வானிலையை யாரும் கேட்கவில்லை.

"அது சும்மா ஒரு பேச்சு! தீர்மானம் இல்ல!" என்றாள் வெரிட்டி.

"சும்மா பேச்சா?" என்றார் ரோலண்ட், முகம் சிவந்து.

"தீர்மானம்னு அவர் வாயாலயே சொன்னார். குறிப்பையும் ஒருமனதா ஏத்துக்கிட்டோம்" என்றான் டார்கோ.

"அப்ப அதை ரத்து பண்ணலாம். ஒரு நிமிஷ வேலை" என்றாள் வெரிட்டி.

"பண்ணலாமே. ஒருமனதா."

வெரிட்டி ரத்துத் தீர்மானத்தை முன்வைத்தாள். பத்துப் பேர் விரல்களை ஆட்டினார்கள், டார்கோ மட்டும் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டான். தடை போட அவன் எழப்போகிறான் என்று எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அதற்குள் மேஜைக் கோடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிளெனிஸ் எழுந்து நின்றாள். தடை என்று பத்துப் பன்னிரண்டு தடவை எழுதியிருக்கிறாள், ஒரு தடவைகூடச் செய்ததில்லை. இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்தாள்.

"இவங்க உறுப்பினரே இல்லையே!" என்று கத்தினாள் வெரிட்டி.

டார்கோ சட்டப் புத்தகத்தை ரோலண்ட் பக்கம் தள்ளினான். "பன்னிரண்டு வீட்ல எதுலயாவது குடியிருக்கறவங்க உறுப்பினர். நீங்க எழுதினதுதானே சார், படிங்க."

ரோலண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். முப்பது வருஷத்துக்கு முந்தைய அவருடைய அழகான வாக்கியம், அதை அவராலேயே அசைக்க முடியவில்லை. "தடை செல்லும்" என்றார் கடைசியில், வாய்க்குள்ளேயே.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி அந்தத் தொட்டியைப் பார்த்தார்கள்.

"அது சரி கிளெனிஸ்" என்றாள் வெரிட்டி, குரலை இறக்கி. "பாத்திரம்?"

கிளெனிஸ் குறிப்பு நோட்டை மூடி, பேனாவையும் அதன் மேல் வைத்து, மேஜை நடுவில் தள்ளினாள்.

"நல்ல விஷயம். அவசரப்பட வேண்டாம். அதுக்கு ஒரு கூட்டம் போடுவோம்."

டார்கோ மட்டும் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினான். அவள் முற்றத்தைக் கடந்து ஏழாம் எண் வீட்டுக்குப் போனாள். படியில் கிடந்த இலைகளை அன்றைக்குக் கூட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இன்னும் இடம் முடிவாகாத மெத்தையில், பட்டப்பகலில், படுத்தாள். ஒரு காலை நீட்டினாள். எங்கேயும் இடிக்கவில்லை. இன்னொரு காலையும் நீட்டினாள்.