கழுத்துப் பலகையின் திருகு

பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்த மருந்து ஆய்வுக்கூடத்தில், விலங்குகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுவது அப்பாத்துரையின் வேலை. தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில், பாபநாசம் மலையில் பிடித்த பெண்குரங்கு ஒன்றை அங்கே நாற்காலியில் மாட்டினார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு பலகை, இடுப்பைச் சுற்றி ஒன்று. ரத்தம் எடுக்கக் காலில் ஏற்றிய குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க, அறுபது நாள் அப்படியே.

பத்தாம் நாள் பிட்டத்தில் புண் கண்டது. மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டக்கூடக் கை எட்டவில்லை. அப்பாத்துரைதான் விரட்டினான்.

பன்னிரண்டாம் நாள், எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் கதவைத் தாழிட்டுப் பலகைகளின் திருகைக் கழற்றினான். குழாயைக் கையால் பொத்திக்கொண்டான். குரங்கு ஓடவில்லை. காலை நீட்டியது, மடக்கியது. பிறகு வெகுநேரம் கழுத்தைச் சொறிந்தது. அரைமணி கழித்துத் திரும்ப மாட்டியபோது சும்மா உட்கார்ந்துகொண்டது. தினமும் அப்படியே செய்தான்.

நாற்பத்தைந்தாம் நாள் டாக்டர் விஜயஸ்ரீ அவனைக் கூப்பிட்டார். "அப்பாத்துரை, இதோட ரத்தம் காலையில ஒண்ணு சொல்லுது, சாயங்காலம் ஒண்ணு சொல்லுது. எதுக்கும் ஆகாது. வேற குரங்கு வச்சு முதல்லேருந்து தொடங்கணும்."

மத்தியானம் கழற்றிவிடுவதுதான் காரணம் என்ற உண்மை நாக்கு நுனிவரை வந்தது. மனைவி ஜெபராணிக்கு அது ஏழாம் மாசம். வேலை போனால் என்ன செய்வது? "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கூண்டு கழுவப் போனான்.

மறுவாரம் வந்தது ஒரு குட்டி. அது கதறக் கதறக் கையைப் பிடித்தவனும் அவன்தான், திருகை முடுக்கியவனும் அவன்தான். நாலு நாள் பொறுத்தான். ஐந்தாம் நாள் டாக்டர் முன்னால் போய் நின்றான்.

"அந்தக் குரங்கைக் கழத்தி விட்டது நாந்தான்ம்மா. தெனமும் மத்தியானம் அரைமணி."

டாக்டர் ரத்தக் கணக்கு எழுதிய நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? இடையில அவுத்துவிட்டா ரத்தம் எப்படி இருக்குன்னு அதையே எழுதியிருப்பேன். இந்தக் குட்டிய உக்கார வச்சிருக்கவே வேண்டாம்."

"இப்ப இதையாவது மத்தியானம் விடலாமாம்மா?"

"சென்னை ஆபீஸ்லேருந்து உத்தரவு வரணும். எழுதுதேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

கழற்றிவிடலாம் என்று உத்தரவு வரப் பதினேழு நாள் ஆனது. அந்தப் பதினேழு நாளும் அப்பாத்துரை சாப்பாட்டுக்கு வெளியே போகவில்லை. குட்டிக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.