ஏறினால் எட்டுப் பேரும்

காயத்ரியின் வலது முழங்கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கிவிட்டது. கொட்டச்சேட்டைத் தாண்டி ஏற்காடு போகிற தார் ரோட்டில், வளைவை ஒட்டிய குட்டைச்சுவர்மேல் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு நாள் நடை. ஜவ்வாது மலையில் கிளம்பி, சித்தேரி மலை ஏறி இறங்கி, பொம்மிடிப் பக்கம் தண்டவாளம் தாண்டி, காட்டுத்தடம் பிடித்து இந்த மலைக்குள் வந்திருந்தாள். கொல்லிமலை வரைக்கும் நடப்பதாக உத்தேசம். மத்தியானம் ஒரு பாறையில் சறுக்கியபோது முட்டிக்குள் ஏதோ சடக்கென்றது. அதோடு சரி.

வயது நாற்பத்திரண்டு. ஓசூரில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் நின்ற இடத்திலேயே நின்று திருகாணி முடுக்கியவள். வேலையை விட்டதும் அந்தக் கால்களுக்கு நடக்க வேண்டும் போலிருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கியவர். பதினான்கு கிலோ பையை முதுகில் ஏற்றும்போது முனகுவது அவளுக்குக் கேவலமாகப் படும்.

நடந்தே போகிறவளாக இருந்தாலும் அரிசி பருப்பு வாங்க, மாத்திரை வாங்க, ஊருக்குள் இறங்கத்தான் வேண்டியிருக்கிறது. வண்டிக்குக் கை காட்டத்தான் வேண்டியிருக்கிறது. அதற்கென்று சில ஒழுங்குகள் வைத்திருந்தாள். ஒற்றை ஆணாக வருகிறவனின் முன்சீட்டில் உட்காருவதில்லை. ஏறுமுன் நம்பர் பலகையைப் போட்டோ எடுத்து, சேலத்தில் இருக்கும் தோழி கலாவுக்கு அனுப்பி, அனுப்பியதை ஓட்டுகிறவன் காதில் விழும்படி சொல்வாள். பை மடியில்தான் இருக்கும். யார் கேட்டாலும், கூட வந்தவர்கள் பின்னால் வருகிறார்கள் என்பாள். இப்படியே ஆறு வண்டி ஏறி இறங்கியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

இன்றைக்கு டவர் இல்லை. மூன்றரை மணி பஸ்ஸும் இல்லை. ஸ்பிரிங் பட்டை முறிந்து கீழே நிற்பதாக பைக்கில் போன ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். ரோட்டோரக் காப்பி எஸ்டேட்டுக்குள்ளிருந்து மூடுபனி ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் வெளிச்சம். ஏற்காடு ஏழு கிலோமீட்டர். இந்தக் காலோடு எழுபது என்றாலும் ஒன்றுதான்.

அப்போதுதான் அந்தச் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நல்ல பேச்சு.

"என்ன மேடம், கால்ல அடியா? ஏற்காடுதானே, ஏறுங்க."

"ஆளுங்க பின்னாடி வர்றாங்க" என்றாள்.

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். வெறும் ரோடு. சிரித்தான். "வரட்டும். நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவள் போனைத் தூக்கி நம்பரைப் படம் எடுத்தாள். "இங்க சிக்னல் கிடைக்காதுங்க மேடம்" என்று அவனே சொன்னான். சொல்லிக்கொண்டே இறங்கி வந்து பையைத் தூக்கினான். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அது டிக்கிக்குள் போய்விட்டது. பின்சீட்டில் துணிக்கடைப் பெட்டிகள். முன்கதவைத் திறந்துவிட்டான்.

"வீட்ல யாருக்காவது சொல்லிட்டீங்களா, இந்தப் பக்கம் வந்தது?"

அக்கறையாகக் கேட்ட கேள்வியாகவும் இருக்கலாம். காயத்ரி சுவரிலிருந்து எழுந்து, நொண்டிக்கொண்டே கார்வரை வந்துவிட்டிருந்தாள். கால் வலி ஏறு என்றது. பை வேறு அவனிடம் இருக்கிறது. மாற்றுத்துணி, மருந்து, கூடாரம், அடுப்பு, எல்லாமே அதில்தான். ஒரு கையைக் கதவின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஒழுங்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போயிருந்தன. அவள் ஒன்றைக்கூட மீறவில்லை. அதுதான் அவளைத் திகைக்க வைத்தது.

"ஏனுங் அம்மிணி! எங்கள உட்டுப்போட்டு நீங்க மட்டும் காரு புடிச்சுட்டீங்களா?"

எஸ்டேட் கேட்டுக்குள்ளிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஏழு பேர். சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, கையில் தூக்குப்போசி. காப்பிப் பழம் பறித்துப் பறித்து விரலெல்லாம் கறுத்திருந்தது. முன்னால் வந்தவளைக் காயத்ரி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அவளோ, காலையில் ஒன்றாகச் சோறு தின்றவள் மாதிரி வந்து காயத்ரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க எடை போட்டுட்டு வர்றதுக்குள்ள இவளுக்கு அவசரத்தப் பாரு."

"கால் வலிக்குதுல்ல சாந்தாமேரி, பாவம்" என்றாள் இன்னொருத்தி, அவளும் முன்பின் தெரியாதவள்தான்.

சாந்தாமேரி காருக்குள் குனிந்து பார்த்தாள். "நல்லா எடம் இருக்குது. பொட்டிய மடியில வெச்சுக்கலாம். ஏறுங்கடி."

கார்க்காரன் முகம் மாறியது. "ஏம்மா, இவங்களுக்கு மட்டும்தான் லிஃப்ட். நீங்கள்லாம் யாரு?"

"இவ எங்க கேங்குங்க சார். எட்டுப் பேரு. ஏறுனா எட்டுப் பேரும் ஏறுவோம், இல்லீனா ஒருத்தியும் ஏற மாட்டோம்."

"சீட்டெல்லாம் சேறாயிடும்."

"ஆமாங்க, ஆயிரும். அப்ப அவ பையக் குடுத்துருங்க."

அவன் பையைக் கொடுக்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். இஞ்சின் உறுமியது.

யாரும் கத்தவில்லை. ராசம்மாள் என்று பின்னால் தெரிந்துகொண்ட கனத்த உடம்புக்காரி, காருக்கு முன்னால் போய், பம்பருக்கு ஒரு முழம் விட்டு, நடு ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சேலையை முழங்கால்வரை ஏற்றிவிட்டு, கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டையை நகத்தால் நெம்பினாள். ஒன்று. அதைத் தார்மேல் தேய்த்துவிட்டு அடுத்தது. ஹாரன் அடித்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் இரண்டு பக்கமும் பின்பக்கமும் நின்றார்கள். காரைத் தொடவில்லை. ஒருத்தி தூக்குப்போசியைத் திறந்து மிச்சமிருந்த டீயைக் குடித்தாள். பனி வந்து எல்லோர் காலையும் மூடியது. அந்த ஏழு பேரும் பாறை முளைத்த மாதிரி நின்றார்கள். காயத்ரி அப்படி ஒரு காட்சியைப் பதினோரு நாளில் எந்த மலையிலும் பார்த்திருக்கவில்லை.

நாலாவது அட்டையோ ஐந்தாவதோ எடுக்கும்போது, டிக்கி டக்கென்று திறந்துகொண்டது. சாந்தாமேரி பையை இறக்கினாள். "நொம்ப நன்றிங்க சார். பாத்துப் போங்க, வளைவு ஜாஸ்தி." ராசம்மாள் எழுந்து பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கார் போய்விட்டது.

காயத்ரி பையை இழுத்துத் தன் காலோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "அவன் கெட்டவனுங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

"எங்களுக்கெங்க தெரியும்? நல்லவனாக்கூட இருப்பான்" என்றாள் சாந்தாமேரி. "நல்லவனா இருந்தா எட்டுப் பேரையும் ஏத்தியிருப்பான், இல்லீன்னா பையக் குடுத்துட்டுப் போயிருப்பான். அவ்வளவுதான். அதுக்கு மேல அவன் மனசுக்குள்ள போயி நாம என்னத்தப் பாக்கறது?"

பத்து நிமிஷத்தில் அவர்கள் எதிர்பார்த்திருந்த பிக்கப் வந்தது. தினமும் அவர்களை ஏற்றிப் போகிற ஜேசுதாஸ். பின்னால் காப்பி மூட்டைகள் அடுக்கி, மேலே கயிறு கட்டியிருந்தது. முன்சீட்டில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர்.

"என்னக்கா, இன்னைக்கு ஒண்ணு கூடியிருக்குது?"

"கூடியிருந்தா ஏத்திக்க மாட்டயா?"

ஜேசுதாஸ் மூட்டையைப் பார்த்தான், காயத்ரியைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "ஏழு பேரே கயித்தப் புடிச்சுட்டுத்தான் உக்காருவீங்க. எட்டாவது ஏறுனா, மேல் வளைவுல வண்டி சாஞ்சிரும்க்கா. பொய் சொல்லல. நாலு நாலா போலாம். போயிட்டுத் திரும்ப வர்றேன்."

"நீ இறக்கிட்டு வர்றதுக்குள்ள இருட்டிரும்."

"நான் இங்கயே இருக்கறேன்" என்றாள் காயத்ரி அவசரமாக. "நீங்க போங்க. வேற வண்டி வரும்."

ஏழு பேரில் கடைசியாக நின்ற ஒல்லிப் பெண் தரையைப் பார்த்தாள். அவளுடைய வலது முழங்கை பாதி மடங்கிய வாக்கிலேயே நின்றது. நீட்ட வராது போலிருக்கிறது. போசியை இடது கையில் பிடித்திருந்தாள்.

"அன்னிக்கும் இப்பிடித்தான்" என்றாள் ராசம்மாள். "எடமில்லீன்னு நாங்க ஆறு பேரு ஏறிக்கிட்டோம். சாரா பின்னாடி வர்றேன்னா. வேற வண்டி வந்துச்சு."

"ஓடற வண்டியிலிருந்து குதிச்சேன்" என்றாள் அந்த ஒல்லிப் பெண், சாரா. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சிரித்தாள். "இப்ப எடது கையாலயே இவளுகளவிட ஒரு கிலோ ஜாஸ்தி பறிக்கறேன், கேட்டுப் பாருங்க."

"பறிப்பா, பச்சக் காயும் சேத்து" என்றாள் ஒருத்தி.

சாந்தாமேரி பிக்கப்பின் கதவைத் தட்டினாள். "நீ போ சாமி. நாங்க நடந்து வர்றோம்."

ஜேசுதாஸ் போனான். ஏழு பேரும் காலை ஏழு மணியிலிருந்து சரிவில் நின்று பழம் பறித்தவர்கள். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக, கண்ணெதிரே வந்த வண்டியை அனுப்பிவிட்டார்கள். காயத்ரி என்னென்னமோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய பையைத் திறந்து, தேங்காய்க் கூறு போடுவதுபோல் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதென்னங்க, சட்டி? இது?"

"கூடாரம். உள்ள படுத்துக்கறது."

"ஊட்டையே முதுகுல கட்டிட்டு வந்திருக்கறா பாருடி. எங்கிருந்துங்க நடக்கறீங்க?"

சொன்னாள். ராசம்மாள் நின்றுவிட்டாள்.

"பதினொரு நாளா? இத்தன பாரத்தத் தூக்கிட்டா? ஒரு நாளைக்கு எவ்வளவு கூலிங்க?"

"கூலி இல்லீங்க. சும்மாதான்."

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏழு பேரும் ஒன்றாகச் சிரித்த சிரிப்பில் சில்வர் ஓக் மரத்திலிருந்து ஏதோ பறவை எழும்பிப் போனது. "கூலியில்லாம சொமக்கறதுக்கும் ஆளு இருக்குதா உலகத்துல" என்று ராசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் காயத்ரியின் வீங்காத காலை அடிக்கடி பார்த்துக்கொண்டே நடந்தாள், சந்தையில் நல்ல மாட்டைப் பார்க்கிற மாதிரி.

இரண்டு பேர் மாறி மாறிக் காயத்ரிக்குத் தோள் கொடுத்தார்கள். அடுத்த வளைவில் சாந்தாமேரி கையை உயர்த்தினாள். எல்லோரும் நின்றார்கள். முதலில் காயத்ரிக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பனிக்குள் ஓர் இருட்டு அசைந்தது. காட்டெருமை. காளை. தோள் காருக்கு மேலே நிற்கும் உயரம். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஈரத் தோலும் சாணமும் கலந்த வாடை வந்தது. ரோட்டின் நடுவே நின்று அவர்களைப் பார்த்தது. எட்டுப் பேரும் நெருங்கி ஒரே உடம்பாக ஆனார்கள். யாருடைய நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று தெரியவில்லை. முன்னால் பயந்த பயம் வேறு, இது வேறு. இதில் அருவருப்பில்லை. இவ்வளவு பெரிதாக ஓர் உயிர் இருக்கிறதே என்று வாய் திறந்துவிட்டது.

"போங்க சாமி" என்றாள் ராசம்மாள், கோயிலில் பேசுகிற குரலில். "நாங்களும் ஊட்டுக்குப் போறவங்கதான்."

அது தன் நேரத்தை எடுத்துக்கொண்டது. பிறகு சரிவில் இறங்கியது. காப்பிச் செடிகள் முறிகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிருப்பார்கள். கல் இறக்கிவிட்டுக் காலியாகப் போகிற டிப்பர் லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. சாந்தாமேரி உடனே யாரையும் ஏறவிடவில்லை. படியில் ஒரு காலை வைத்து, டிரைவர் முகத்துக்கு எதிரே தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"ஏனுங்க, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்கக்கா" என்று டிரைவர் நன்றாக வாயைத் திறந்து ஊதினான். "குடிக்கல. இன்னொருக்கா மோந்து பாக்கறீங்களா?"

"வேண்டாங்க, பூண்டு நாத்தம். உங்க சம்சாரம் எப்பிடித்தான் இருக்கறாளோ."

"எத்தன பேரு?" என்று கேட்டான் சிரித்துக்கொண்டே.

"எட்டுப் பேருங்க!" என்று முதலில் கத்தியது காயத்ரிதான்.

தூக்கித் தள்ளி அவளை மேலே ஏற்றினார்கள். டிப்பரின் இரும்புப் பெட்டிக்குள் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. ஆகவே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, காயத்ரியை நடுவில் விட்டு நின்றார்கள். சாராவின் நீட்ட வராத முழங்கை, கொக்கி மாட்டினது போல அவள் இடுப்பைச் சுற்றி நின்றது. லாரி பனியைத் தாண்டி மேலே ஏறியபோது, கீழே சமவெளி முழுக்க விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. காயத்ரி "அங்க பாருங்க" என்றாள்.

யாரும் பார்க்கவில்லை. தூங்கிவிட்டிருந்தார்கள். ஏழு பேரும், நின்றபடியே, ஒருத்தி தோளில் ஒருத்தி கன்னத்தை வைத்து. ராசம்மாள் லேசாகக் குறட்டை விட்டாள். லாரி ஒரு வளைவுக்கு வந்தது. திரும்புவதற்கு ஒரு நொடி முன்னால், கண் திறக்காமலே, ஏழு ஜோடிக் கைகளும் இறுகின. பாதங்கள் அகன்றன. வளைவு முடிந்ததும் தளர்ந்தன. அடுத்த வளைவுக்கு மறுபடி இறுகின. இந்த ரோட்டின் ஒவ்வொரு திருப்பமும் அவர்கள் உடம்புக்குத் தெரிந்திருந்தது, தூக்கத்திலும்.

காயத்ரி மட்டும் விழித்திருந்தாள். மூச்சைச் சத்தமாக விடக்கூடப் பயமாயிருந்தது, யாராவது எழுந்துவிடுவார்களோ என்று. அடுத்த வளைவு வந்தபோது அவள் கையும் பக்கத்தில் இருந்தவளைப் பிடித்து இறுக்கியது, கொஞ்சம் தாமதமாக.