ஆறு அசல்கள்

லூ ஹாய்மிங் இருபத்திரண்டு வருடங்களாகச் சீனாவின் டாஃபென் சந்துகளில் அடுத்தவர் ஓவியங்களைப் பார்த்து வரைந்து பிழைத்தவர். அவர் வரைந்த சூரியகாந்திகளை எல்லாம் சேர்த்திருந்தால் ஊருக்கே எண்ணெய் ஆட்டியிருக்கலாம். அப்படிப்பட்டவர் போன செவ்வாய்க்கிழமை எதிர்க்கடை டெங்கைப் பார்த்து, "திருட்டுப் பயலே!" என்று கத்தினார். சந்தில் ஓடிக்கொண்டிருந்த தூரிகைகள் எல்லாம் ஒரு நொடி நின்றன. பிறகு ஒரே சிரிப்பு.

"யாரு யாரைச் சொல்றதுன்னு பாரு!" என்றான் படங்களுக்குச் சட்டம் அடிக்கிற ஃபாங்.

லூ சிரிக்கவில்லை. பிப்ரவரியில், ஆர்டர் வராத ஒரு மத்தியானம், அவர் மனைவி குய்லான் கடைவாசலில் கால்களை வெந்நீர்த் தொட்டியில் விட்டபடி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் பாதி உரித்த பூண்டு. தலைக்கு மேலே ஈரத் துணிகள். லூ வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, எந்தப் படத்தையும் பார்க்காமல் ஒரு படம் வரைந்தார். இப்போது அதே படம் டெங்கின் பெயரோடு எதிர்க்கடையில் தொங்கியது.

வெள்ளிக்கிழமை லூவும் டெங்கும் ஓவிய உரிமைப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். மூட்டை தூக்கக் குய்லானும் கூட வந்தாள். "என் வாயை மூடி வரைஞ்சிருந்தா கையா தேஞ்சு போயிருக்கும்?" என்று வழியெல்லாம் திட்டினாள். உள்ளே வர மாட்டேன் என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி யாவ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அசலைக் காட்டுங்க" என்றார்.

லூ மூட்டையை அவிழ்த்து, ஆறு படங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தார். ஆறிலும் குய்லான். ஆறிலும் பூண்டு.

"இதுல எது அசல்?"

"ஆறும்தான், மேடம்."

"அதெப்படிங்க?"

"கை அப்படிப் பழகிப்போச்சு மேடம். நீலத்தைத் தொட்டா ஆறு வானத்துக்கும் பூசிட்டுத்தான் தூரிகையைக் கழுவுவோம். ஒண்ணுக்காகச் சாயம் கலக்க எனக்குத் தெரியாது."

டெங் துள்ளி எழுந்தான். "கேட்டுக்கிட்டீங்களா மேடம்! சொந்தமா வரையறவன் ஒண்ணுதான் வரைவான். என்கிட்ட பாருங்க, ஒண்ணே ஒண்ணு!"

அதிகாரியின் பேனா டெங் பக்கம் சாய்வது லூவுக்குத் தெரிந்தது.

"சரி, படத்துல இருக்கற அம்மா யாரு?" என்று டெங்கைக் கேட்டார் யாவ்.

"கற்பனை மேடம். கனவுல வந்தாங்க."

அப்போது வராந்தாவிலிருந்து ஒரு குறட்டை வந்தது. யாவ் எட்டிப் பார்த்தார். அதே சாய்ந்த தலை, அதே பிளந்த வாய், மேல்வரிசையில் அதே கோணல் பல். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உங்க கனவு வெளிய குறட்டை விடுது."

டெங்கின் காது சிவந்தது. "லூ அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பதினஞ்சு வருஷமா உங்க தோளுக்குப் பின்னால நின்னு பாத்து வரையறேன். இது உங்களோடதுன்னு எனக்குத் தோணவே இல்ல. நம்ம சந்துல எவன்கிட்டயாவது சொந்தப் படம்னு ஒண்ணு இருந்திருக்கா?"

சத்தத்தில் குய்லான் கண்ணைக் கசக்கியபடி உள்ளே வந்தாள்.

"நல்லவேளை வந்தீங்க. உங்க முகம், அதனால உங்க சம்மதக் கையெழுத்தும் வேணும்" என்றார் யாவ்.

"போட மாட்டேன்னா?"

"படத்தை யாரும் விக்க முடியாது."

குய்லான் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப ஏழுலயும் வாயை மூடணும்."

வானத்தை இன்னும் நீலமாக்கு, அந்தப் பெண்ணின் இடுப்பைக் குறை என்று யார் சொன்னாலும் இருபத்திரண்டு வருடமாகத் தலையாட்டிய லூ, "முடியாது" என்றார்.

"என்னது?"

"நீ அசந்து தூங்கி நான் பாத்ததே அன்னிக்குத்தான். வாயை மூடிட்டா அது வேற யாரோ பொம்பளை."

குய்லான் பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "ஒண்ணு மட்டும் இருக்கட்டும், கிழட்டு லூ. அதுவும் நம்ம வீட்டுக்குள்ள. மத்ததுல எல்லாம் மூடு. இவனோடதுலயும்."

லூ ஆறு படங்களுக்கு முன்னால் அப்படியும் இப்படியும் அரைமணி நேரம் நடந்தார். கடைசியில் மூன்றாவதைத் தூக்கினார்.

"இதுதான் அசல்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்றபடி யாவ் லூவின் பெயரைப் பதிந்து, குய்லானிடம் கையெழுத்து வாங்கினார்.

"முதல்ல தெரியலையே, மேடம்."

மறுநாள் காலை ஐந்து படங்களையும் ஆணியில் மாட்டி, உதட்டுக்குச் சாயம் கலந்து, ஐந்து வாயையும் மூடினார் லூ. தட்டில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. கை வழக்கம்போல ஆறு படத்துக்குக் கலந்திருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டிப் போய் டெங்கிடம் நீட்டினார்.

"இந்தா, காயறதுக்குள்ள உன்னோடதையும் மூடு."