மீன் வாடை இல்லாத கரண்டி

"இதுல மீன் வாடை அடிக்குது" என்றார் அப்பாவு.

சேகர் கரண்டியை வாங்கி மூக்கோடு ஒட்டி வைத்து மூச்சை இழுத்தான். பூவரச மரம், கொஞ்சம் சாம்பார். அவ்வளவுதான். திருப்பிப் பிடித்துக் காம்புப் பக்கமும் மோந்தான். ஒன்றும் தெரியவில்லை.

"இல்லியே நைனா."

"உனக்கு எப்படித் தெரியும்? எந்த ஊரு நீ?"

"பழவேற்காடு பக்கம். குப்பம்."

அப்பாவு அடுப்பிலிருந்த சாம்பார் அண்டாவைக் கையால் காட்டினார். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஆலையின் கேன்டீனுக்கு அவர்தான் தலைமைச் சமையல்காரர். நெற்றியில் திருநீறு, வாயில் வெற்றிலை. முட்டை வாசம்கூட ஆகாத மனிதர். ஆலையில் அலுமினிய அண்டாக்கள் வாங்கிப் போட்டுவிட்டார்கள். இரும்புக் கரண்டி பட்டால் அண்டா சுரண்டிக்கொண்டு சோறு கறுத்துப்போகிறது என்று மரக்கரண்டி கேட்டிருந்தார். மாதிரிக்குச் சேகர் கொடுத்த ஒற்றைக் கரண்டி ஓர் அண்டா சாம்பாரைக் கெடுத்துவிட்டது.

"இன்னா எண்ணெ பூசின?"

சேகர் உண்மையைச் சொன்னான். "சுறா எண்ணெ. எங்க படகுக்கே அதான் பூசுவோம். வருசம் முழுக்கத் தண்ணியில கெடந்தாலும் பலகை ஊறாது."

அப்பாவு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "படகுல சாம்பார் வெச்சிக்கினு குடிப்பியா நீ?"

அடுப்பருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். சேகருக்குக் காது சுட்டது. வர்ற வெள்ளிக்கிழமைக்குள் வேறு கரண்டி கொண்டு வருகிறேன் என்றான். வராவிட்டால் மெட்ராசில் சொல்லி வாங்கிக்கொள்கிறேன் என்றார் அப்பாவு.

ஆர்டர் மெட்ராசுக்குப் போனால் சேகரின் கதை முடிந்தது. பொன்னேரி கடைசல் பட்டறையில் அவன் மத்தும் பூரிக்கட்டையும் கடைந்துகொண்டிருந்தான். இந்த ஆலை ஆர்டர் வந்தால் மூலையில் சும்மா கிடக்கும் இரண்டாவது லேத் உனக்கு என்று முதலாளி துலுக்காணம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வராவிட்டால் பட்டறையில் இரண்டு பேருக்கு வேலை இல்லை. அண்ணன் நாகமுத்துவோடு வலை இழுக்கப் போக வேண்டியதுதான். வலையை நினைத்தாலே சேகருக்குப் பொறுமை போய்விடும். ஏரியில் படகு நகரும் வேகத்துக்கு இவன் நீந்தியே போய்விடுவான்.

எண்ணெய் பூசாமல் கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தான். முன்பு ஒரு நாள் முழுக்க ரசத்தில் கிடந்த எண்ணெய் பூசாத கரண்டி பிசிறு விட்டு, மஞ்சள் குடித்து, காய்ந்ததும் வாய் பிளந்திருந்தது. எண்ணெய் வேண்டும். எந்த எண்ணெய்?

அன்று மாலையே தொடங்கிவிட்டான். பழைய கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, தேங்காயெண்ணெய் பூசினான். வீட்டிலேயே இன்னொன்றைச் செதுக்கி நல்லெண்ணெய். பொன்னேரி பெயிண்டு கடையில் லின்சீட் எண்ணெய் வாங்கி மூன்றாவதற்கு. எது ஜெயிக்கும் என்று சொல்ல ஒரு மூக்கு வேண்டும். அண்ணி செல்லியம்மாளிடம் நீட்டினான். அவள் முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா வாடை வருது அண்ணி?"

"மரம்."

"இதுல?"

"அதுவும் மரம்தான். போடா, கருவாட்ட மிதிக்காத."

வேறு மூக்கு தேடி மறுநாள் கூடூர் பாசஞ்சர் ரயிலில் ஏறினான். பெட்டி பெட்டியாக நடந்து, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கரண்டிகளை நீட்டினான். ஒருவர் விற்கிறான் என்று நினைத்து வேண்டாம் என்றார். இன்னொருவர் பிச்சை என்று நினைத்துக் காசு தேடினார். கடைசியில் கவரப்பேட்டையில் பூக்கூடையோடு ஏறிய மணியம்மாள்தான் மூன்றையும் வாங்கி, ஒவ்வொன்றாக மோந்தாள்.

"இது தல சீவாத பொண்ணு தலையாட்டம் சிக்கு நாத்தம். தேங்கா எண்ணெயா?"

"ஆமாக்கா."

"இது பிசுபிசுங்குது. கையில ஒட்டுது பாரு. இது..." லின்சீட் பூசியதை நீட்டிப் பிடித்தாள். "புதுசா பெயிண்டு அடிச்ச ஜன்னலு. சாப்பாட்டுல போடுவியா இத?"

போட முடியாதுதான். சீக்கிரம் காய அதில் ஏதோ மருந்து கலப்பார்கள் என்று கடைக்காரரே சொல்லியிருந்தார், கதவுக்கும் நாற்காலிக்கும் என்று.

"இன்னொன்னு சொல்லட்டா தம்பி? கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுக்கா."

"மூணுத்துலயும் அடியில மீனு கீது."

"ரெண்டுல மீனெண்ணெ படவேயில்லக்கா."

"உன் கையக் குடு" என்று அவன் உள்ளங்கையை மோந்துவிட்டு, மணியம்மாள் கரண்டிகளை மடியில் திருப்பிப் போட்டாள். "எண்ணெ மேல பழி போடாத. உன் கையி, துணி, நீ கீற ஊடு."

சேகர் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டான், ஏன் என்று தெரியாமல். பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். சரி, வீட்டில் பூசக் கூடாது. பட்டறையிலேயே புது மரம், புதுத் துணி, சீயக்காய் போட்டுக் கழுவிய கை. அது ஆகும். ஆனால் எண்ணெய்?

விடை அன்று இரவு சாப்பாட்டில் உட்கார்ந்தபோது கிடைத்தது. அண்ணன் நாகமுத்துவுக்குப் பல நாளாக மலச்சிக்கல். பொன்னேரி டாக்டர் ஒரு பாட்டில் கொடுத்திருந்தார். நாகமுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வாசமும் இல்ல, ருசியும் இல்ல. எண்ணெயாட்டம் வழவழன்னு எறங்குது. இத குடிச்சி இன்னா ஆவப்போவுது?"

சேகர் தட்டை விட்டு எழுந்தான். "எண்ணெயா அது?"

"இன்னாவோ பாரபின்னு சொன்னாரு. எங்கடா எடுத்துக்கினு போற? டேய்."

சிம்னி விளக்கருகே பாட்டிலைப் பிடித்துப் பார்த்தான். தண்ணீர் மாதிரி தெளிவு. ஒரு சொட்டு நாக்கில் விட்டான். ஒன்றுமில்லை. உள்ளே போவதற்கே விற்கிற எண்ணெய், கெட்டுப்போகாது, நாறாது.

காலையில் நாகமுத்து பாட்டிலைத் தேடியபோது சேகர் அதோடு பொன்னேரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தான். மாலையில் புது பாட்டில் வாங்கிக் கொடுத்தும் அண்ணன் சமாதானமாகவில்லை. "கரண்டிக்கு வயித்தாலப் போவலியாமா?" என்று குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெள்ளிக்கிழமை அப்பாவு புதுக் கரண்டியைக் கொதிக்கும் ரசத்தில் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்தார். எடுத்தார். உதறினார். மோந்தார். மறுபடி மோந்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார், ஏமாற்றத்தோடு. "இன்னா எண்ணெ?"

ஏதோ மர எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லலாம் என்றுதான் பஸ்ஸில் நினைத்து வந்தான். ஆனால் சோற்றில் கலக்கிறவரிடம் மறைத்தால் நாளைக்குத் தெரியவரும்போது கரண்டியும் போகும், பேரும் போகும். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேடையில் வைத்தான்.

அப்பாவு எழுத்துக் கூட்டிப் படித்தார். நிமிர்ந்தார். "இது எங்க மாமனாரு குடிக்கிறது ஆச்சே."

"ஆமா நைனா. குடிக்கிறதுன்னாலதான்..."

"டேய். ஷிப்டு ஷிப்டா ஆளுங்க சாப்புடுறானுங்க இங்க. மிஷின விட்டுட்டு எல்லாரும் ஒரே நேரத்துல ஓடினானுங்கன்னா? கக்கூஸு ரெண்டுதான் கீது."

"மேல நிக்காது நைனா. பூசி, ஊறவெச்சி, துணியால தொடச்சாச்சி. மரத்துக்குள்ள கீறதுதான். மருந்துன்னா ஒரு மடக்கு குடிக்கணும். இது ஒரு சொட்டு கூட எறங்காது."

"நீ சொல்ற."

"நான் சாப்புடுறேன். அந்த ரசத்தயே."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வேகத்தில் ரசத்தை ஊற்றி ஊற்றிச் சோறு தின்றான். பிறகு டம்ளரில் வாங்கிக் குடித்தான். போதும் என்று அப்பாவு சொன்னபோதும் இன்னொரு டம்ளர் நீட்டினான். அதற்கு மேல் மோரும்.

"சரி" என்று அப்பாவு சுவரோரத்து பெஞ்சைக் காட்டினார். "ஷிப்டு சங்கு ஊதற வரைக்கும் அங்க குந்து. நடுவுல எழுந்து ஓடினன்னா கரண்டிய எடுத்துக்கினு அப்படியே போய்க்கினே இரு."

முதல் ஒரு மணி நேரம் சேகர் ஜெயித்த மாதிரியே உட்கார்ந்திருந்தான். வயிற்றில் ஒரு சலனமும் இல்லை. கேன்டீன் பையன்கள் சேதியைப் பரப்பிவிட்டார்கள். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் பெஞ்சைச் சுற்றி வந்து பார்த்தார்கள். வெல்டர் பாக்கியராஜ் எதிரில் குந்திக்கொண்டான்.

"இன்னாபா, கலக்குதா?"

"இல்ல."

"மூஞ்சி ஒரு மாதிரி கீதே."

மூஞ்சி ஒரு மாதிரிதான் இருந்தது. மருந்து ஒன்றும் செய்யவில்லை. செய்தது ரசமும் மோரும். எல்லாம் சேர்ந்து இப்போது அடிவயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு நிமிஷம் வெளியே போய்விட்டு வந்தால் தீரும். ஆனால் எழுந்தால் என்ன அர்த்தம் எடுப்பார்கள்? ஒன்றுக்குத்தான் போனேன் என்று யாரிடம் நிரூபிப்பது?

கால் மேல் கால் போட்டான். மாற்றிப் போட்டான். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதன் மரத்தைப் பற்றி யோசித்தான், தேக்கில்லை, அயினி. அப்பாவு பாத்திரம் கழுவத் திறந்துவிட்ட குழாய் மூடப்படாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, அந்தக் கொழாய நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றான் பாக்கியராஜிடம்.

"ஏன், தண்ணி இன்னா பண்ணுது?"

"சும்மா. வீணாப் போவுதில்ல."

பாக்கியராஜ் அவன் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மெதுவாகச் சிரித்தான். புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்க் குழாயை மூடினான்.

சங்கு ஊதியது. அப்பாவு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமே ஆவலியா?"

"ஒண்ணும் ஆவல."

"பன்னெண்டு கரண்டி போடு. ரெண்டு நீளக் காம்பு. ஆனா பட்டறையில பூசினதுதான் வரணும். குப்பத்துக்கு எடுத்துக்கினு போன, அப்புறம் நான் மோந்தே கண்டுபிடிச்சிடுவேன்."

"சரி நைனா."

"காம்புல ஒரு ஓட்டை வெச்சா மாட்டிக்க வசதி. அப்புறம் இந்த வாய் இருக்கு பாரு, இத இன்னும் கொஞ்சம்..."

"வெச்சிடுறேன் நைனா. எல்லாம் வெச்சிடுறேன்."

சேகர் எழுந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மாதிரி நிதானமாக நடந்தான். கேன்டீன் வாசல், சைக்கிள் ஸ்டாண்டு, வாட்ச்மேன் கூண்டு. கேட்டைத் தாண்டி, சுவர் திரும்பி, இனி ஒருவர் கண்ணிலும் பட மாட்டோம் என்று தெரிந்த பிறகுதான் ஓடினான்.