மறுகா போவம்

"மெல்ல ஊத்துங்க பஸ்மிலா," என்றாள் மையித்துக் குளிப்பாட்ட வந்த சரீபா. "அந்தப் பக்கம் நான் பாத்துக்கிறன்."

பஸ்மிலா கோப்பையைச் சரித்தாள். தண்ணீர் உயிரற்றுக் கிடந்த அக்கா ஹாஜறா ராத்தாவின் தோளில் விழுந்து, போர்த்தியிருந்த துணியை நனைத்துக்கொண்டு இறங்கியது. இடது மார்பில் மட்டும் துணி படியவில்லை. அங்கே புண் மேடு கட்டியிருந்தது. சரீபா துணிக்கடியில் கையை விட்டுக் கழுவினாள். 

முதலில் போகப்போவது தானென்றுதான் பஸ்மிலா நினைத்திருந்தாள். கிளினிக்கில் தாதி தடவிப் பார்த்தபோது கட்டி தட்டுப்பட்டது அவளுக்குத்தான். கூடப் போன ஹாஜறா ராத்தாவுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போன நேரமெல்லாம் ராத்தாதான் துணை. ஸ்கேன் எடுக்கையில் வெளியே நின்று யாஸீன் ஓதினாள். ஊசியால் சதை எடுத்த அன்று தங்கச்சியின் செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். வெறும் கொழுப்புக் கட்டி என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அழுதாள்.

அப்படிப் போன ஒரு நாளில்தான், வந்தது வந்தீர்கள், உங்களுக்கும் மெமோகிராம் எடுப்போம் என்று டொக்டர் சொன்னார். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஊசி வைத்துப் பார்க்க ராத்தாவையும் வரச் சொன்னார்கள்.

"கையில ஒண்டும் படல்லயே," என்றாள் ராத்தா. "கட்டி இருந்த ஒனக்கே ஒண்டுமில்லயாம். எனக்கென்ன வரப்போகுது? றுஸ்தாட கலியாணம் முடியட்டும், மறுகா போவம்."

பஸ்மிலா சொல்லிப் பார்த்தாள். ராத்தாவின் புருஷன் மச்சானை விட்டும் சொல்லவைத்தாள். கலியாணம் முடிந்தது. நோன்பு வந்தது. பிறகு ராத்தாவின் மகள் றுஸ்தாவின் வயிற்றில் பிள்ளை. கடைசியில் ராத்தா போனபோது கட்டி கையிலும் பட்டது, கக்கத்திலும் பட்டது.

அசர் தொழுகைக்கு முன்பே மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போய்விட்டார்கள். குளிப்பாட்டிய தண்ணீர் இறங்கிய குழி வளவில் மூடாமல் கிடந்தது. பஸ்மிலா அதனருகே போய்க் குந்தினாள். கைப்பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு றுஸ்தாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாச்சி, எனக்கும் ஒண்டு தட்டுப்படுது."

பஸ்மிலா திரும்பினாள்.

"பால் கட்டெண்டு நெனச்சன். கிளினிக்ல ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. உம்மா கெடந்த கெடைல எப்பிடிச் சொல்ற?"

"நாளைக்குப் போவம்."

"நாளைக்கா? மையித்து வீடு, ஆக்கள் வருவாங்களே."

"வாறாக்கள் இருக்கட்டும்."

றுஸ்தா மண்ணை அள்ளிக் குழிக்குள் போட்டாள். பஸ்மிலாவும் அள்ளினாள். கடற்கரை மணல். அவர்கள் மூடி முடிக்குமுன்பே உள்ளே கிடந்த தண்ணீர் வற்றிவிட்டது.