பட்டன் டப்பாவில் ஒரு வாஷர்

மின்வாரிய லைன்மேனின் வண்டிக்கு அடியில் ஸ்பேனரை மாட்டிவிட்டு, திருகாமல் உட்கார்ந்திருந்தார் டெய்லர். மேலே பெட்ரோல் டேங்கில் தூசி படிந்திருந்தது. லைன்மேன் இருந்தவரை அந்த டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம். இப்போது அவர் இல்லை; மகள் இனி அந்த வண்டியில் வேலைக்குப் போகப் போகிறாள். "ஆயில் மட்டும் மாத்திக் குடுத்துடுங்கண்ணே, சும்மா கெடந்த வண்டி" என்று லைன்மேனின் மனைவி காலையில் மதிலுக்கு மேலாகக் கேட்டிருந்தாள். டெய்லருக்கு மறுக்க வாய் வரவில்லை. ஆனால் அந்த போல்ட்டைக் கழற்றினால் அதோடு வெளியே வரப்போவது என்னவென்று உலகத்தில் தனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதனால்தான் கை ஓடவில்லை.

எஞ்சினில் ஆயில் மாற்ற அடி போல்ட்டைக் கழற்றும்போது கூடவே ஒரு செம்பு வாஷர் வரும். சட்டைப் பொத்தான் அளவுதான். போல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உட்கார்ந்து, நசுங்கி, ஒரு சொட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது அதன் உத்தியோகம். ஒருமுறை நசுங்கியதை எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும் என்பது லைன்மேன் கட்சி. நசுங்கியதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மெத்தென்று ஆகிவிடும், ஆயுசுக்கும் ஓட்டலாம் என்பது டெய்லர் கட்சி. இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில், இருவருக்கும் ஒரே மாடல் வண்டி, ஆயில் மாற்றுவதும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. கட்சி மட்டும் இரண்டு.

"யோவ் டெய்லர், கிழிஞ்ச ஜட்டியத் திருப்பிப் போட்டா புதுசாயிடுமா?" என்பார் லைன்மேன் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து.

"கம்பத்துல ஏறி ஏறிக் கரண்ட் அடிச்சு உன் மூள வெந்து போச்சு. செம்புக்கு ஏதுய்யா வயசு? என் வாஷர் ஓடின தூரத்துக்கு நிலாவுக்குப் போயி, அங்க ரெண்டு பேருக்குச் சட்டை அளவு எடுத்துட்டுத் திரும்பியிருக்கலாம்."

"எடுத்தா மட்டும்? தீபாவளி போயி திருவிழா வந்தாலும் தச்சுக் குடுக்க மாட்ட. நிலாக்காரன் அம்மணமாத்தான் இன்னும் காத்துக்கிட்டிருப்பான்" என்று லைன்மேன் சொல்வார். அவர் சிரிப்புக்குத் தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும்.

பால் காய்ச்சும் அடுப்பில் வாஷர் வறுக்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று டெய்லரின் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தாள். அவர் வறுப்பது தன் வாஷரை மட்டுமல்ல. லைன்மேன் தூக்கி எறிவதையும் பொறுக்கி வந்து, கம்பியில் கோத்து, தையல் மெஷினுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். காற்றடித்தால் கிணுகிணுக்கும். தலைவாழை இலையை எறிகிற மாதிரி தங்கத்தை எறிகிறான் என்பார் அதைக் காட்டி.

போன முறை ஆயில் மாற்ற வேண்டிய சமயத்தில் லைன்மேனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கை மேலே போகவில்லை. புது வாஷர் ஒன்றைக் காகிதத்தில் மடித்து டெய்லரிடம் கொடுத்து, "இதத்தான் போடணும். உன் வறுவல எல்லாம் என் வண்டிக்கிட்ட கொண்டு வராத" என்று சொல்லிவிட்டு நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார். டெய்லர் ஒரு முடிவோடு வந்திருந்தார். கம்பியில் கோத்திருந்தவற்றில் ஒன்றைக் காய்ச்சி, தேய்த்து, நாக்குக்கு அடியில் வைத்திருந்தார். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறவருக்கு இது ஒரு பெரிய காரியமில்லை. வண்டிக்கடியில் குனிந்தவர் ஒரு இருமல் இருமினார். வாயில் இருந்தது போல்ட்டில் ஏறியது, கையில் இருந்தது சட்டைப்பைக்குள் போனது. லைன்மேன் எப்போதும்போல அடியில் செய்தித்தாளை விரித்து வைத்து, மறுநாள் எடுத்துப் பார்த்தார். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. "பாத்தியா புது வாஷரோட வேலைய" என்று தாளை மதிலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். டெய்லர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆமாமா" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நல்ல வேடிக்கையை அரைவேக்காட்டில் இறக்க அவருக்கு மனசில்லை. அடுத்த ஆயில் மாற்றம் வரைக்கும் வண்டி ஓட வேண்டும். அன்றைக்கு அவன் கண்ணெதிரே கழற்றி, உள்ளங்கையில் வைத்து, "நீ தூக்கிப்போட்டதுதான்யா இத்தன நாளா உன்னச் சொமந்துச்சு" என்று சொல்ல வேண்டும். துணி வெட்டும்போதும் காஜா எடுக்கும்போதும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். லைன்மேனின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துத் தனியாகச் சிரித்ததில் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு இடது கை தைத்துவிட்டார். புது வாஷரைப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

அந்த நாட்களில் லைன்மேன் சாயங்காலம் டெய்லர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஏதோ சொல்ல வருவார், பிறகு மழையைப் பற்றிப் பேசுவார். டெய்லருக்கும் நுனி நாக்கில் வந்து நிற்கும். இன்னும் கொஞ்ச நாள் என்று விழுங்கிக்கொள்வார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒன்றுமில்லாததற்குச் சிரித்துக்கொள்வார்கள். கம்பத்தில் இரண்டு முறை மின்சாரம் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஆள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய மனிதர், ஒரு காலையில் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். வண்டிக்கு ஆயில் மாற்றும் நாள் நெருங்கியிருந்தது.

உள்ளேயிருந்து லைன்மேனின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னொரு கையில் சின்ன பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது.

"இது உங்களுதுண்ணே."

பைக்குள் செம்பு வாஷர்கள். எல்லாம் புதிது, பளபளவென்று.

"எனக்கா?"

"உங்களுக்குன்னு வாங்கினதுதான். தெனமும் பையில போட்டுக்கிட்டுதான் உங்க கடைக்கு வருவாரு. திரும்பி வந்து டிவி மேல வச்சிடுவாரு. என்னங்கன்னு கேட்டா, 'குடுத்தா சங்கடப்படுவான்டி, பேச்சுவாக்குல குடுக்கணும்'பாரு."

டெய்லர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒரு நாள் சட்ட பட்டன் அந்து போச்சுன்னு வந்தாரே, டப்பாவக் குடுத்து நீயே தேடிக்கன்னீங்களாமே. அதுல அவரு குடுத்த புது வாஷர் கெடந்துச்சாம். வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சு வண்டிக்கடியில பாத்தாரு, பழசுதான் மாட்டியிருந்துச்சு. எங்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. 'அவனுக்கு என்ன பணமுடையோ, வாய்விட்டுக் கேக்க மாட்டான். ஒரு வாஷர்தான, எடுத்துக்கட்டும்'னாரு. மறுநாளே போயி இத வாங்கிட்டு வந்துட்டாரு."

"அப்ப வண்டியில இருக்கறத மாத்தலயா?"

"மாத்தினா உங்களுக்குத் தெரிஞ்சிடுமாம். ஒழுகினா ஒழுகட்டும்னுட்டாரு."

டெய்லர் ஸ்பேனரை விட்டுக் கையெடுத்தார். "அம்மா, அது விளையாட்டுக்கு. அடுத்த தடவ கழட்டறப்ப அவன்கிட்ட காட்டலாம்னு..." என்று ஆரம்பித்தார். நிலாவில் சட்டை அளவெடுத்த வாய். குளத்தில் தவறவிட்ட கத்தரிக்கோலை மீன் கவ்விக்கொண்டு வந்து கொடுத்ததாக இதே வாசலில் சத்தியம் செய்த வாய். தன் குரல் தனக்கே களவுபோன பொருளுக்குக் கணக்குச் சொல்கிற குரலாகக் கேட்டது.

"அட விடுங்கண்ணே" என்றாள் அவள், மெதுவாக. "நாங்க யாரும் தப்பா நெனக்கல."

திட்டியிருந்தால் வாதாடியிருக்கலாம். பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

டெய்லர் ஸ்பேனரைத் திருப்பினார். கறுப்பு எண்ணெய் தட்டில் கொட்டியது. போல்ட்டோடு வாஷர் வந்தது. துடைத்துப் பார்த்தார். கழற்றும்வரை போல்ட்டைச் சுற்றி எஞ்சின் உலர்ந்துதான் கிடந்தது. இத்தனை நாளும் ஓர் ஈரம் கசிந்த அடையாளம்கூட இல்லை. ஜெயித்துவிட்டார். பழக்கதோஷத்தில் தலை மதில் பக்கம் திரும்பியது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது அவருடைய சொந்த வீடுதான். அவர் மனைவி துணி உதறிக்கொண்டிருந்தாள். தோற்றவர் வீட்டு வாசலில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிய அத்தனை சாயங்காலமும் ஒவ்வொன்றாக வந்தன. சட்டைப்பையைத் தொட்ட கை. தன்னை நோகடிக்காமல் ஒரு வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்த அந்த முகம். அதைப் பார்த்துத்தானே தான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கையிலிருந்த எண்ணெய் கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

உள்ளங்கையில் பழையதையும் பையிலிருந்து எடுத்த புதியதையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு புதியதைப் போல்ட்டில் மாட்டினார். கைக்கு மட்டாக இறுக்கினார். ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, அடியில் செய்தித்தாளை விரித்தார். பழைய வாஷரைத் தூக்கி எறியக் கை ஓங்கியவர், எறியாமல் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். எண்ணெயும் செம்புமாகக் கசந்தது.

"ஒழுகுதாண்ணே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குனிந்து பார்த்தார். போல்ட்டின் தலைக்குக் கீழே ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. துடைத்ததில் விட்டுப்போன பழைய எண்ணெயா, புது எண்ணெயா, வண்டி நிழலில் நிறம் தெரியவில்லை. சொட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, நீண்டு, விழாமல் தொங்கியது. வாயில் வாஷரோடு டெய்லர் அதற்கு அடியில் இருந்த வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.