பார்க்காமல் சொன்ன நிறம்

மைத்ரேயியை மகாலட்சுமிக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே எட்டு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி அவள் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஊசியும் நூலுமாக உட்கார்ந்து பின்னுகிற பெண்கள், அவளுக்குத் தெரிந்து, திருச்சியில் அந்த ஓரிடத்தில்தான் இருந்தார்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், அதில் கடைசி மாடி வீடு. மொத்தம் ஒன்பது பேர்.

திருச்சி வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் பதில் இருந்தது. புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுக்கும் வேலை அவளுக்கு. மெஷினுக்காக அந்த அறையை வருஷம் முழுக்கக் குளிராகவே வைத்திருப்பார்கள். வெளியே நாற்பது டிகிரி கொளுத்தும்போது உள்ளே அவள் விரல்கள் விறைத்துப்போகும். கடையில் வாங்கிய ஸ்வெட்டர்கள் கழுத்தில் அரித்தன. அதனால் பருத்தி நூலில் தனக்கு வேண்டியதைத் தானே பின்னிக்கொள்ள முடிவெடுத்தாள். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஆறு கார்டிகன், முன்பக்கம் பொத்தான் வைத்தது. முதலாவதை அடர்ந்த நீலத்தில் ஆரம்பித்து, மூன்று மாதத்தில், ஒரு கை மட்டும் பாக்கி என்ற அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மைத்ரேயி ஆன்லைனில் ஒரு கோர்ஸ் முடித்தாள். மனிதர்களின் தோலை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு காலங்களாகப் பிரிப்பார்களாம். அவரவர் காலத்து நிறத்தை உடுத்தினால் முகம் தெளியும், மற்ற நிறம் முகத்தைச் சோர வைக்கும். எது யாருடையது என்று கண்டுபிடிக்க, நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்களில் துண்டுத் துணிகள் பார்சலில் வந்திறங்கின. அவற்றை ஒவ்வொன்றாக மோவாய்க்குக் கீழே போட்டுப் பார்க்க வேண்டும்.

"இனிமே கண்ட கலர்ல பின்ன வேண்டாம்" என்று அறிவித்தாள் மைத்ரேயி. "அவாவா காலத்துலேர்ந்து அஞ்சாறு கலர், ஒண்ணோட ஒண்ணு சேர்றாப்ல எடுத்துண்டு பின்னணும். மாசியில தில்லைநகர்ல எக்ஸிபிஷன் போடறோம். எல்லாரும் அவா பின்னினதைப் போட்டுண்டு நிக்கணும்."

முதலில் உட்கார வைத்தது மகாலட்சுமியைத்தான். ஹாலில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். வீடியோவுக்காக வாங்கிய இரண்டு விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. தலைமுடி தெரியாமல் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, தோளில் இன்னொன்றைப் போர்த்தி, கண்ணாடி முன்னால் அவளை உட்கார்த்தினாள் மைத்ரேயி. மற்ற ஏழு பேரும் பின்னல் வேலையை மடியில் வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தலையில் கட்டோடு, ஆபரேஷனுக்குத் தயாராக்கிய நோயாளி போலத் தான் இருப்பதாக மகாலட்சுமிக்குத் தோன்றியது.

நீலத்தைப் போட்டாள். எடுத்தாள். கடுகு மஞ்சளைப் போட்டாள். செங்கல் நிறம் ஒன்று, பாசிப் பச்சை ஒன்று. நான்கே துணிதான்.

"ஆட்டம், அதாவது இலையுதிர் காலம்" என்றாள் மைத்ரேயி.

"நம்ம ஊர்ல அப்படி ஒரு காலமே கிடையாதே மேடம்" என்றாள் மகாலட்சுமி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

மைத்ரேயி சிரிக்கவில்லை. "ஊருக்கு இல்ல, தோலுக்கு. டஸ்கி ஸ்கின்னுன்னா எப்பவும் இதுதான் வரும். கண்ண மூடிண்டு சொல்லிடலாம். நீங்க பின்னிண்டிருக்கேளே அந்த நீலம், அது உங்க மூஞ்சியை முழுங்கிடறது."

கூட்டத்தில் மூத்தவளான கோதைநாயகி மாமி, பேங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயரானவள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மகாலட்சுமி நீலத்தை மார்பில் வைத்து அலமாரிக் கண்ணாடியில் பார்த்தாள். மூன்று மாதமாகத் தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். உண்மையிலேயே இருந்ததா, சொன்னதால் தெரிந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நூலின் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தாள். வரிசை வரிசையாகப் பிரிந்து வந்தது. மூன்று மாத வேலை. பிரிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அவள் கணவன் தங்கையன் கதவருகே நின்று பார்த்தான்.

"ஏன் பிரிக்கிற? நல்லாத்தானே இருந்துச்சு."

"எனக்குச் சேரலையாம்."

"யாரு சொன்னா?"

அவள் சுருள் சுருளாக மடியில் கிடந்த நூலைப் பையில் திணித்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அடுத்த வாரம் கடுகு மஞ்சள் நூல் வாங்கி வந்து பின்ன ஆரம்பித்தாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மற்றவர்களும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார்கள். ஐந்து பேர் வசந்தமும் கோடையுமாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது. முப்பது நாற்பது துணி மாற்றிப் போட்டு, ஒதுக்கி, திரும்ப எடுத்து, மைத்ரேயி அவர்களிடம் சளைக்காமல் பேசினாள். மீதியிருந்த பெலிண்டாவுக்கும் பொன்னுத்தாய்க்கும் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இருவரும் இலையுதிர் காலம். இருவரும் மகாலட்சுமியைப் போலவே கறுப்பு.

கீழே இறங்கி வண்டியை எடுக்கும்போது பெலிண்டா சொன்னாள். "பதினாறு வருஷமா சேலைக் கடையில நிக்கிறேன் மகா. கறுப்பா இருக்கிற பத்துப் பேர் வந்தா பத்துப் பேருக்கும் வேற வேற கலர்தான் எடுத்துப் போடுவோம். அதுவும் கடை லைட்டுல பார்க்க விடமாட்டேன். வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி வெளிச்சத்துல காட்டுவேன். இவங்க திரையைச் சாத்திட்டு மஞ்ச லைட்டுல பார்க்குறாங்க."

"அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'உங்க கடை வேற, இது சயின்ஸ்'னு சொல்லிட்டாங்க."

அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் ஒரு புதன்கிழமை, ஸ்கேன் அறையில் கூட வேலை பார்க்கும் வசீம் தயங்கித் தயங்கி மொபைலை நீட்டினான். "அக்கா, இது நீங்களா பாருங்க."

நாலாயிரம் பேர் பின்தொடரும் மைத்ரேயியின் இன்ஸ்டாகிராம் பக்கம். இரண்டு படங்கள் அருகருகே. தலையில் வெள்ளைத் துணியும் கழுத்தில் நீலமுமாக மகாலட்சுமி. பக்கத்தில் கடுகு மஞ்சளோடு மகாலட்சுமி. முதலாவதன் கீழ் 'களையில்லை' என்றும் இரண்டாவதன் கீழ் 'களை வந்தது' என்றும் எழுதியிருந்தது. மைத்ரேயி படம் எடுத்ததே மகாலட்சுமிக்குத் தெரியாது. கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர், 'ரெண்டுலயும் ஒண்ணும் தெரியலையே, லைட்டைப் போடுங்க' என்று எழுதியிருந்தார். அதற்குச் சிரிக்கிற முகங்களாக வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றை மைத்ரேயியும் போட்டிருந்தாள்.

மகாலட்சுமி மொபைலைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த நோயாளியை மேஜையில் படுக்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவரைத் திரும்ப மூச்சு விடச் சொல்லத்தான் மறந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவளும் பெலிண்டாவும் பொன்னுத்தாயும் சேர்ந்து மாடியேறினார்கள். எல்லோரும் வந்திருந்தார்கள். மகாலட்சுமி செருப்பைக் கழற்றினாளே தவிர, உட்காரவில்லை.

"மேடம், அந்தத் துணிப்பெட்டியை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்கு வாங்க. எங்க மூணு பேருக்கும் வெளிச்சத்துல பாருங்க."

மைத்ரேயி ஊசியை நிறுத்தவில்லை. "ஒரு தடவை பார்த்தாச்சு. இது என்ன, கத்திரிக்காயா? திருப்பித் திருப்பிப் பார்த்து எடுக்க?"

"கத்திரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்ப்பீங்க. எங்களைப் பார்க்கலை."

"கத்தாதீங்கோ. பக்கத்தாத்துல மனுஷா இருக்கா."

"நான் கத்தலை மேடம். படத்தை நாலாயிரம் பேருக்குக் காட்டினப்ப பக்கத்து வீடு ஞாபகம் வரலையா?"

வசந்தமும் கோடையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் மடியைக் குனிந்து பார்த்தார்கள். கோதைநாயகி மாமிதான் எழுந்தாள். "போய்ப் பார்த்துட்டா தீர்ந்தது மைத்ரேயி. அவா கேக்கறதுல என்ன தப்பு?"

மாமிக்கு மைத்ரேயி எதிர்ப்பேச்சு பேசியதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டாள். முகம் கல்லாக இருந்தது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், வெள்ளைச் சுவரோரம் நாற்காலியைப் போட்டார்கள். துணியைப் போட பெலிண்டா முன்வந்தாள். மைத்ரேயி கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

பொன்னுத்தாய் உட்கார்ந்தாள். செங்கல் நிறத்தில் அவள் முகம் மண் பூசியதுபோல் இருந்தது. அடர்ந்த ரோஜாச் சிவப்பைப் போட்டதும் கண் பளிச்சென்று தெரிந்தது. யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கோடைக்காரப் பெண் ஒருத்தியே "அய்யோ, எவ்ளோ நன்னா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மைத்ரேயியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். பொன்னுத்தாய் குளிர் காலம்.

பெலிண்டா உட்கார்ந்தபோது மகாலட்சுமி துணி போட்டாள். சாம்பல் கலந்த ஊதாவில் அவள் முகம் அமைதியாகத் தெளிந்தது. அது பெட்டியில் கோடைக்காரர்களுக்கான அடுக்கிலிருந்து எடுத்த துணி.

"கறுப்பா இருக்கறவா கோடையில வரமாட்டா" என்றாள் மைத்ரேயி.

"வந்திருக்காளே" என்றாள் மாமி.

கடைசியாக மகாலட்சுமி உட்கார்ந்தாள். நீலத்தைக் கேட்டு வாங்கித் தானே கழுத்தில் வைத்துக்கொண்டாள். பெலிண்டா பிடித்திருந்த கண்ணாடியில் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது. வாயோரங்கள் தொங்கின. வேறொரு நீலத்தை வாங்கிப் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள். எல்லாவற்றிலும் அதே நிழல். பிறகு கடுகு மஞ்சள். தூங்கியெழுந்து முகம் கழுவினவள்போல் இருந்தாள்.

பொன்னுத்தாய்தான் மெல்லச் சொன்னாள். "அக்கா, உங்களுக்கு இந்தக் கடுகுதான் எடுக்குது."

மைத்ரேயி கைக்கட்டை அவிழ்த்தாள். "நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ? அதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

மகாலட்சுமி எழுந்தாள். தப்பாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"சரியாத்தான் சொன்னீங்க. ஆனா பார்த்துச் சொல்லலை. என் தோலு கறுப்புன்னு பார்த்தீங்க, அதோட முடிச்சிட்டீங்க. இவங்க ரெண்டு பேருக்கும் அதே கண்ணாலதான் சொன்னீங்க, ரெண்டும் தப்பு. எனக்குச் சரியா வந்தது உங்க திறமை இல்ல."

"பேசிண்டே போகாதீங்கோ."

"முடிச்சிட்டேன். படத்தை எடுங்க."

"எதுக்கு எடுக்கணும்? நிஜத்தைத்தானே போட்டிருக்கேன்? உங்களுக்கே இப்பத் தெரிஞ்சுடுத்தே."

"அதுக்குக் கீழ ஒருத்தன் எழுதினானே, அதுக்கு நீங்க சிரிச்சதும் நிஜமா?"

மைத்ரேயியின் முகம் முதன்முறையாகக் கலைந்தது. "அது... கை பட்டிருக்கும்."

"எடுத்துடு மைத்ரேயி" என்றாள் மாமி. "இல்லேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நானும் வரப்போறதில்ல."

மைத்ரேயி மொபைலை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, விரலால் இரண்டு முறை அழுத்தி, திரையை மகாலட்சுமியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். படம் போயிருந்தது. "திருப்திதானே? இனிமே இந்தப் படி ஏற வேண்டாம். மூணு பேரும்தான்."

"ஏற மாட்டோம்."

மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. துணிகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன. அவற்றை மடித்து வைக்க யாரும் குனியவில்லை.

மாசியில் கண்காட்சி நடந்தது. வசந்தமும் கோடையும் மட்டும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படத்தைப் பொன்னுத்தாய் அனுப்பினாள். மகாலட்சுமி பார்த்துவிட்டு அழித்தாள். மூவரும் சனிக்கிழமைகளில் புத்தூரில் பெலிண்டா வீட்டில் கூடினார்கள். பின்னத் தெரிந்த இன்னும் நாலு பேர் புத்தூரிலிருந்தே வந்து சேர்ந்தார்கள். வாசல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, பெலிண்டா கடையிலிருந்து கொண்டுவந்த வெட்டுத் துணிகளைத் தோளில் போட்டு, எத்தனை நேரமானாலும் பார்த்துத்தான் அவர்களுக்கு நிறம் சொன்னார்கள்.

கடுகு மஞ்சள் கார்டிகன் முடிந்தது. அதைப் போட்டுக்கொண்டு போன அன்று வேலை செய்யுமிடத்தில் மூன்று பேர் நன்றாயிருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு முறையும் மகாலட்சுமிக்கு மைத்ரேயியின் குரல்தான் காதில் விழுந்தது. இருந்தாலும் குளிருக்கு வேண்டியிருந்ததால் கழற்றவில்லை.

வைகாசியில் கோதைநாயகி மாமியின் மகனுக்குக் கல்யாணம், ஸ்ரீரங்கத்தில் ஏ.சி. மண்டபத்தில். மகாலட்சுமி பட்டுச்சேலைமேல் தானே பின்னிய கரும்பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு போனாள். பந்தியில் மாமியே அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஓர் இலை முன்னால் உட்கார வைத்தாள். பக்கத்து இலையில் மைத்ரேயி. மாமி வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது. எழுந்து போனால் மாமியை அவமதித்ததாக ஆகும்.

சாம்பார் சாதம் முடியும்வரை இருவரும் பேசவில்லை. ரசத்துக்குச் சாதத்தில் குழி பறிக்கும்போது மைத்ரேயி இலையைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்தப் பச்சையில கொஞ்சம் நீலம் தூக்கலா இருக்கு. உங்களுக்கு வேண்டியது மஞ்ச ஓடற பச்சை."

மகாலட்சுமிக்கு அது தெரியும். வாசல் வெளிச்சத்தில் பெலிண்டாவும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

"உங்களைக் கேக்கலை. எனக்குப் புடிச்சிருக்கு, போட்டிருக்கேன்."

"கண்ணுக்குப் பட்டுது, சொன்னேன்."

"இப்பவாவது கண்ணத் தொறந்து பார்த்தீங்களே."

மைத்ரேயியின் கை இலைமேல் நின்றது. பிறகு ரசத்தைப் பிசையத் தொடங்கினாள்.

மாமி வியர்த்த முகத்தோடு பந்தியை விசாரித்துக்கொண்டே வந்து, இருவர் பின்னாலும் நின்றாள். "என்ன, ரெண்டு பேரும் பேசினேளா?"

"பேசினோம் மாமி" என்றாள் மகாலட்சுமி.

மைத்ரேயி, பாயசம் ஊற்ற வந்தவரிடம் வேண்டாம் என்று இலைமேல் கையை வைத்து மறித்தாள்.